போர்க்கால விமானப் படைக்கு வாசித்தவர்கள்

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரத்தையும் பெருங்குடியையும் ஒட்டி அமைந்துள்ள விமான நிலையம் முதலில் பயணிகளுக்காகத் தோன்றியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் அரச விமானப் படையினர் பயன்படுத்திய தளமே பிற்காலத்தில் பயணிகள் நிலையமாக வளர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களை நோக்கி ஓடினர். எங்கோ நடந்த போர் திடீரென நம் வாசலுக்கு வந்துவிட்டது. செட்டிநாட்டிலும், கயத்தாற்றிலும், உளுந்தூர்ப்பேட்டையிலும், சோழவரத்திலும், கோவையை அடுத்த சூலூரிலும் ஓடுதளங்கள் அமைந்தன.

அந்நாளில் இந்தியாவெங்கும் எழுந்த நூற்றுக்கணக்கான தளங்களுக்கு இயந்திரங்கள் மட்டும் போதவில்லை. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, சும்மாடு ஆகியவையே பல இடங்களில் கருவிகளாயின. அந்தச் சும்மாடுகளுக்குக் கீழே இருந்த தலைகள் யாருடையவை என்பதை நம் சமுதாயத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதே 1942ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். மண் சுமந்தவர்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டது வேறொன்று. போர்க்காலத்தில் விமானப் படையினருக்கு வாத்தியம் வாசித்தவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். வாத்தியக் குழுவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். தப்பைத் தோளில் சுமந்த சமுதாயத்தில் பிறந்தவர்கள் அவ்வாறு வினவலாகாது.

விமானப் படை வீரனின் வாழ்வில் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிந்தது. ஒருவர் வானில் பறப்பதற்குப் பலர் தரையில் உழைக்க வேண்டும். இயந்திரம் பழுது பார்ப்போர், எரிபொருள் நிரப்புவோர், கம்பியில்லாத் தந்தி இயக்குவோர், சமைப்போர் எனப் பலதரத்தினர் ஒரு தளத்தில் இருந்தனர். பணி வரும்போது உயிருக்கு ஆபத்து. வராதபோது வெயிலும் கொசுவும் மலேரியாவும் தனிமையும். எதிரியின் குண்டைவிட இந்தச் சோர்வே படையை வேகமாக அழிக்கும் என்று தளபதிகள் அறிந்திருந்தனர். ஆகவே வெடிமருந்தும் உணவும் அனுப்பியது போலவே பாட்டையும் அனுப்பினர். 'என்சா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் கேளிக்கை அமைப்பு தன் கலைஞர்களை இந்தியாவிலும் பர்மா எல்லையிலும் இருந்த முகாம்களுக்கு அனுப்பிற்று. இந்தியப் படையினருக்கென 'ஃபௌஜி தில்குஷ் சபை' இயங்கிற்று. அமெரிக்கர்கள் தம் வீரர்களுக்காக 1943 முதல் தனி இசைத்தட்டுகளையே அச்சிட்டுக் கடல் கடந்து அனுப்பினர்.

இங்கு நடன வாத்தியக் குழு என்பது யாது என்று சொல்லியாக வேண்டும். அணிவகுப்பில் நடந்துகொண்டே வாசிக்கும் பாண்டை நாம் குடியரசு நாளன்று காண்கிறோம். போர்க்காலத்தில் அந்தப் பாண்டுக்காரர்களிலிருந்தே நடனக் குழுவும் பிரித்தெடுக்கப்பட்டது. காலையில் கொடியேற்றத்திற்குக் கிளாரினெட் வாசித்தவர் மாலையில் சாக்ஸபோனை எடுத்துக்கொள்வார். நான்கைந்து சாக்ஸபோன், மூன்று நான்கு டிரம்பெட், அதே அளவு டிராம்போன், இவற்றிற்குத் துணையாகப் பியானோ, கிதார், ஆள் உயரமுள்ள டபுள் பாஸ், ஒருவரே கையாலும் காலாலும் இயக்கும் டிரம் தொகுதி என அமையும் அக்குழு. 'ஸ்விங்' என்று பெயர் பெற்ற அவ்விசையின் தாளம் கேட்பவரைச் சும்மா உட்கார விடாது. நம் பழைய திரைப்படங்களில் கிளப் பாடல் வரும்போது ஒலிக்கும் இசை இதன் பேரப்பிள்ளையே.

பிரிட்டிஷ் விமானப் படை 1940ஆம் ஆண்டிலேயே தனக்கென ஒரு நடன வாத்தியக் குழுவை வைத்திருந்தது. ஸ்குவாட்ரனேர்ஸ் என்று புகழ்பெற்ற அக்குழுவில் லண்டன் மாநகரின் பெரிய ஓட்டல்களில் வாசித்துப் பெயர் பெற்ற அம்ப்ரோஸ் குழுவினர் பலர் இருந்தனர். அமெரிக்காவில் புகழின் உச்சியில் இருந்த கிளென் மில்லர் 1942இல் தம் குழுவைக் கலைத்துவிட்டு இராணுவத்தில் சேர்ந்தார். விமானப் படைக்கென ஒரு பெரிய குழுவை உருவாக்கி 1944இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் அவர் பாரிசுக்குப் புறப்பட்ட சிறு விமானம் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் மறைந்தது. அதன்பின் அவரை எவரும் கண்டாரில்லை. இவ்வளவும் பலர் அறிந்த செய்தி. மில்லர் குழு வாசித்த இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இருந்தது என்பதும், அக்குழுவில் கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெறவில்லை என்பதும் அத்துணை பேரால் நினைக்கப்படாத செய்தி. அமெரிக்கப் படை அன்று நிறத்தால் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பாட்டை எடுத்துக்கொண்டனர், பாடியவனை வெளியே நிறுத்தினர். இக்கதை நமக்குப் புதியதன்று.

நம் நாட்டுக் கதையையும் சிறிது பார்ப்போம். தமிழகத்தில் இராணுவ பாண்டு இசை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒலித்து வருகிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பிய வாத்தியங்களைக் கொண்டு அரண்மனை பாண்டு வைத்திருந்தார். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டு சுவரம்' எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. பட்டாளத்து மேளத்தின் மெட்டை எடுத்துக் கடவுளைப் பாடினால் தீட்டு இல்லை. அந்தப் பட்டாளத்து மேளமும் மாட்டுத்தோல் கட்டியதே. உலகெங்கும் 1950களின் பிற்பகுதி வரை, பிளாஸ்டிக் முகப்பு வரும் வரை, டிரம்களுக்குக் கன்றின் தோலே முகப்பாயிருந்தது. மாதா கோவில் ஊர்வலத்திலும், கவர்னர் மாளிகை விருந்திலும், விமானப் படை நடன அரங்கிலும் ஒலித்தது அந்தத் தோல்தான். அதை அடித்தவனை எவரும் ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்லவில்லை. நம் பாட்டனாரின் கையில் இருந்த தப்பிலும் அதே தோல்தான் இருந்தது. மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. அதைப் பதப்படுத்தி மூட்டுபவர் ஒரு சேரியில் இருப்பார், வாசிப்பவர் சபையில் இருப்பார். தீட்டு தோலில் இருந்ததா, அல்லது வேறெங்கேனும் இருந்ததா என்பதை இளைஞர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இராணுவத்திலும் நம் மக்களுக்கு ஒரு பழைய பங்கு உண்டு. கும்பினியின் சென்னைப் படையில் பறையர் குலத்தார் பெருமளவில் வீரர்களாக இருந்தனர். பாலம் கட்டியும், பாதை அமைத்தும், அகழி தோண்டியும் போரிட்ட சென்னைச் சாப்பர் படையில் அவர்கள் பெயர் பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'போர் மரபினர்' என்றொரு கொள்கையைப் படைத்தலைவர் இராபர்ட்ஸ் போன்றோர் முன்வைத்தனர். வடமேற்கு மலைநாட்டாரே பிறவிப் போர்வீரர், தெற்கத்தியரும் தாழ்த்தப்பட்டோரும் அதற்குத் தகுதியற்றவர் என்பது அதன் சாரம். மராட்டிய நாட்டில் மகர் குலத்தாருக்கு 1890களில் படையின் கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் அப்படையில் சுபேதாராக இருந்தவர். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். (இதைப் படிக்கும்போதெல்லாம் நம்மையறியாமல் நம் நாற்காலி சற்று உயர்ந்துவிடும்.) பின்னர் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது சாத்திய கதவு தானே திறந்தது. 1941இல் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. 1920களில் கலைக்கப்பட்டிருந்த மதராஸ் காலாட்படையும் மீண்டும் எழுந்தது. கதவு மூடியிருந்த காலத்தில் மட்டும் படைக்கு ஆள் வேண்டாம் என்று இருக்கவில்லை. சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், துப்புரவுப் பணியாளர் எனப் 'பின்தொடர்வோர்' என்ற பெயரில் ஒரு கூட்டம் எப்போதும் படையின் பின்னே நடந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்குக் கடற்படையில் அன்று இருந்த நிலை இதற்கு அண்ணன் தம்பி போன்றது. 1942ஆம் ஆண்டின் முற்பகுதி வரை கறுப்பின இளைஞன் அமெரிக்கக் கடற்படையில் சேரலாம். ஆனால் வெள்ளை அதிகாரிகளுக்குச் சோறு பரிமாறவும், அவர்தம் படுக்கையை விரிக்கவும், காலணியைத் துடைக்கவும் மட்டுமே சேரலாம். 1941 டிசம்பர் 7ஆம் நாள் முத்துத் துறைமுகம் தாக்கப்பட்டபோது, டோரி மில்லர் என்ற அத்தகைய பணியாள் ஒருவர், தமக்குப் பயிற்சியே தரப்படாத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து எதிரி விமானங்களை நோக்கிச் சுட்டார். 1942 மே மாதத்தில் அவருக்குக் கடற்படையின் உயர்ந்த வீரப் பதக்கம் அணிவிக்கப்பட்டது. பதக்கம் கொடுத்தனர்; அதன் பின்னும் சமையற்கட்டுப் பணியிலேயே வைத்தனர். கறுப்பினத் தலைவர்களும் பத்திரிகைகளும் இதைக் கண்டித்துக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தனர். வெளிநாட்டில் சர்வாதிகாரத்தின்மீது ஒரு வெற்றி, உள்நாட்டில் நிறவெறியின்மீது ஒரு வெற்றி என 'இரட்டை வெற்றி' வேண்டும் என்பது அவர்கள் முழக்கம்.

அதே 1942 மே மாதத்தில்தான் 'பி-1' என்ற வாத்தியக் குழுவினர் கடற்படையில் சேர்ந்தனர். வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட கறுப்பின இளைஞர்கள் அவர்கள். கிரீன்ஸ்பரோ நகரில் உள்ள வேளாண்மை, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள் பலர். அந்நகரத்து டட்லி உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்களும் உண்டு. இவ்விரண்டும் கறுப்பினத்தவருக்கென நடந்த கல்வி நிலையங்கள். சமையற்கட்டுக்கு மேற்பட்ட பொதுத் தரத்தில், 'இசைஞர்' என்ற பதவியோடு, இக்காலக் கடற்படையில் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் இவர்களே. ஒரு செய்தியை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இவர்கள் தெருவில் பிடித்து வரப்பட்ட மேளக்காரர்கள் அல்லர். தாளில் எழுதிய சுரத்தைக் கண்ணால் கண்டவுடன் வாசிக்கும் படிப்பு அவர்களிடம் இருந்தது. கல்லூரி பாண்டில் ஆண்டுக்கணக்காகப் பயின்றவர்கள். இசைக்கலைஞன் இரத்தத்திலேயே தாளம் கொண்டு பிறக்கிறான் என்று சொல்லி மகிழ்வோர் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தப் புகழ்ச்சியின் மறுபக்கம், உனக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை என்பதே.

அவர்களுக்கு இடப்பட்ட பணி எது? சேப்பல் ஹில் என்னும் ஊரில் வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கிறது. போரின்போது கடற்படை அங்கே விமானிகளுக்கான முன்பயிற்சிப் பள்ளியை நடத்திற்று. வானில் ஏறுவதற்கு முன் உடற்பயிற்சியும், கணக்கும், திசையறிதலும் கற்பிக்கும் பள்ளி அது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் புஷ் (தந்தை) 1942இல் அங்கு மாணவர். அவருக்கு முன்னே அதிபரான ஜெரால்டு ஃபோர்டு அங்குப் பயிற்றுநர். இந்த வருங்கால விமானிகளுக்குக் காலையில் கொடியேற்றத்திற்கும், பகலில் அணிவகுப்புக்கும், விளையாட்டுப் போட்டிகளுக்கும், மாலையில் நடன நிகழ்ச்சிகளுக்கும் வாசிப்பதே பி-1 குழுவின் வேலை. போர்க்கடன் பத்திரம் விற்கும் கூட்டங்களிலும் வாசித்தனர். குழுவினுள்ளிருந்தே நடன வாத்தியப் பிரிவும் அமைந்தது.

1942 கோடையில் அவர்கள் அவ்வூருக்கு வந்து சேர்ந்தனர். பல்கலைக்கழக வளாகத்தில் வெள்ளை மாணவ விமானிகள் ஆயிரக்கணக்கில் தங்கினர். வாத்தியக்காரர் நாற்பது சொச்சம் பேருக்கு அங்கு இடமில்லை. மாநிலச் சட்டமும் ஊர் வழக்கமும் நிறப் பிரிவினையைக் கட்டிக் காத்தன. ஊரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியிலே இருந்த சமுதாயக் கூடத்தில் அவர்களைக் குடியேற்றினர். ஹார்கிரேவ்ஸ் மையம் என்று இன்று வழங்கும் கட்டடம் அது. அங்கிருந்து ஒவ்வொரு காலையும் வெள்ளைச் சீருடை அணிந்து, வரிசை பிசகாமல், வாத்தியங்களை ஏந்தித் தெருவழியே வளாகத்திற்கு அணிவகுத்துச் சென்றனர். கொடியை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பினர். தம் இசைக்கு ஏறும் கொடி யாருக்கு விடுதலை தரும் கொடி என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்களா?

அவர்கள் வாசித்த பல்கலைக்கழகத்தில் அவர்கள் மாணவராகச் சேர முடியாது. அப்பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர் எவரையும் ஏற்காத காலம் அது. நம் ஊரிலும் அத்தகைய காட்சி உண்டு. தெருவில் தேருக்கு முன்னே மேளம் முழங்கும், அடிப்பவன் கோவில் வாசலோடு நிற்பான். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் நுழைந்த பின்னரே அவ்வாசல் திறந்தது. பெருங்குடியில் விமானம் இறங்குவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது.

எனினும் கறுப்பினத் தெருவில் அக்குழு வந்ததால் நேர்ந்தது வேறு. கூடத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் வளாகத்தில் சமைக்கவும், துடைக்கவும், துவைக்கவும் சென்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாள்தோறும் கண்டது தம் நிறத்து இளைஞர்கள் நாட்டின் சீருடை அணிந்து நடுத்தெருவில் நடப்பதை. ஒதுங்கி நடக்கும் வழக்கமே பழகிய கண்களுக்கு அது சிறிய காட்சியன்று. நம் பகுதியிலும் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த நம் சமுதாயத்து வீரன் பூட்ஸ் காலோடு மேலத்தெருவில் நடந்ததற்காக எழுந்த வழக்குகளைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சீருடையில் ஒரு துணியும் சில பொத்தான்களும்தான் இருக்கின்றன. ஆனால் அதை அணிந்தவனை 'ஏய்' என்று அழைக்க வாய் சற்றே தயங்குகிறது.

1944ஆம் ஆண்டில் பி-1 குழு ஹவாய்த் தீவில் முத்துத் துறைமுகத்தை அடுத்த மனானா முகாமுக்கு மாற்றப்பட்டது. அங்குக் கறுப்பின வீரர்கள் பெருந்தொகையினர் இருந்தனர். போர் முடியும் வரை அக்குழு அங்கேயே வாசித்தது.

இந்தியாவிலும் இக்கதையின் கிளை ஒன்று உண்டு. டெடி வெதர்ஃபோர்டு என்ற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ மேதை ஷாங்காயிலும் பம்பாயிலும் வாசித்துப் புகழ்பெற்று, போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்டு ஓட்டலில் குழுவை நடத்தினார். அமெரிக்கரும், பர்மாவிலிருந்து வந்தவர்களும், நேப்பாளியும் அக்குழுவில் இருந்தனர். கேட்டவர்களுள் பெரும்பாலோர் பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினரும் விமானிகளும். அதே நகரின் வீதிகளில் 1943இல் பஞ்சத்தால் மக்கள் செத்து விழுந்துகொண்டிருந்தனர் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் விட இயலவில்லை. 1945 ஏப்ரலில் வெதர்ஃபோர்டு அந்நகரிலேயே காலராவால் இறந்தார்; வயது நாற்பத்தொன்று. அசாமிலிருந்து பர்மாவுக்குள் காட்டையும் மலையையும் வெட்டி லீடோ சாலை அமைத்த அமெரிக்க வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பாதை போடவும் பாட்டு வாசிக்கவும் அவர்கள் வேண்டும்.

நம் இளைஞரிடையே அடிக்கடி எழும் ஒரு வாதத்தை இனித் தொட்டாக வேண்டும். தப்பு அடிப்பது அடிமைத்தனம், அதை ஒரேயடியாகக் கைவிட வேண்டும் என்போர் ஒரு சாரார். அதுவே நம் கலை, அதைக் கையிலெடுத்து மேடையேற்ற வேண்டும் என்போர் மறு சாரார். சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் அடி உதைக்கும் ஆளான நம் முன்னோர் முதல் சாராருக்குச் சான்று. 2025இல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஸ்ரீ விருது பெற்றது மறு சாராருக்குச் சான்று. பி-1 குழுவின் வரலாற்றை இவ்விரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கிறோம். அவர்கள் வாசித்த டிரம்மில் இழிவு இல்லை. பதவி, ஊதியம், சீருடை ஆகியவற்றோடு வாசித்தனர். மறுக்கும் உரிமை இன்றி, கூலி பேசும் உரிமை இன்றி, பிறவிக் கடமை என்று ஒருவன்மீது சுமத்தப்படும்போதுதான் வாத்தியம் விலங்காகிறது. ஆகவே ஒருவன் தப்பு அடிக்கிறானா என்று கேட்பதை விட, அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே ஊரில் அச்சமின்றி வாழ முடிகிறதா என்று கேட்பதே சரியான கேள்வி என்பது நம் கருத்து. இதில் நம்மோடு மாறுபடுவோர் சங்கத்திலேயே உளர். அவர்களோடு வாதிட நாம் எப்போதும் ஆயத்தம்.

போருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதே நமக்கு இன்னும் பயனுள்ள பகுதி. 1948 ஜூலை 26ஆம் நாள் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை படைகளில் நிறப் பிரிவினையை ஒழிக்க வழி செய்தது. பி-1 குழுவினரில் பலர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இசையாசிரியர்களாயினர். தாம் கற்ற சுரத்தை அடுத்த தலைமுறைக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினர். குழுவில் முதன்மையாக விளங்கிய ஜேம்ஸ் பார்சன்ஸ் என்பாரின் வாழ்க்கை வியப்புக்குரியது. 1911இல் கான்சாஸ் நகரில் பிறந்தவர். 1934இல் பட்டம் பெற்று, கிரீன்ஸ்பரோ பள்ளிகளில் இசை கற்பித்தவர். கடற்படையிலிருந்து விடுபட்டபின், முப்பத்தைந்து வயதை எட்டிய நிலையில், மீண்டும் மாணவராகி சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். 1961இல் அதிபர் கென்னடி அவரைக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமித்தார். அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் அத்தகைய நீதிமன்றத்தில் ஆயுட்கால நீதிபதியான முதல் கறுப்பினத்தவர் அவரே. விமானிகளின் கொடியேற்றத்திற்கு வாசித்த குழுவை நடத்தியவர் நாட்டின் சட்டத்தை எடுத்துரைக்கும் இருக்கையில் அமர்ந்தார். 1993இல் காலமானார்.

அவர்களை உருவாக்கிய கிரீன்ஸ்பரோ கல்லூரியின் பெயர் மீண்டும் ஒருமுறை உலகச் செய்தியானது. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவர் நால்வர் அந்நகரத்து உல்வொர்த் கடையில், வெள்ளையர் மட்டும் அமர்ந்து உண்ணும் மேசையில் உட்கார்ந்து காப்பி கேட்டனர். கொடுக்கவில்லை. கடை அடைக்கும் வரை எழவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தமர்ந்தனர். சில நாள்களில் இப்போராட்டம் பல ஊர்களுக்குப் பரவிற்று. ஜூலை மாதத்தில் அம்மேசை எல்லோருக்கும் திறக்கப்பட்டது. நால்வரில் சிலர் பயின்ற பள்ளி, முன்னே நாம் குறிப்பிட்ட டட்லி உயர்நிலைப் பள்ளி. இரட்டைக் குவளையும் கொட்டாங்குச்சியும் வைத்திருந்த தேநீர்க் கடைகளை அறிந்த நமக்கு அந்த மேசையின் உயரம் தெரியும்.

பி-1 குழு நாள்தோறும் கொடியேற்றிய பல்கலைக்கழகத்தில் 1951இல், நீதிமன்ற ஆணையின் பேரில், சட்டக் கல்லூரியில் கறுப்பின மாணவர் முதன்முதலாகச் சேர்ந்தனர். இளங்கலை வகுப்பில் 1955இல் டர்ஹாம் நகரத்து மாணவர் மூவர் சேர்ந்தனர். குழுவினர் குடியிருந்த கூடம் இன்றும் அப்பகுதி மக்களின் பொதுக் கூடமாகவே இயங்குகிறது. 2017இல் அவர்களின் நினைவாகச் சேப்பல் ஹில் ஊரில் வரலாற்றுப் பலகை ஒன்று நாட்டப்பட்டது. அவர்கள் அவ்வூருக்கு வந்து அன்றைக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.